கிட்டாருக்குப் புது பிரிட்ஜ்

கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல், கட்டில்மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, சிவப்பு கிட்டாரை அதில் குப்புறப் படுக்க வைத்து, முதுகிலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் மூடியைத் திருப்புளியால் கழற்ற ஆரம்பித்துவிட்டாள் ரெஜினா. யோசித்தால் நடக்காது. யோசித்து யோசித்துத்தான் புது பிரிட்ஜ் வந்த நாளிலிருந்து பீரோவில் துணிகளுக்கு அடியில் பெட்டியோடு கிடக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துப் பார்ப்பாள், இன்றைக்கு மழைக்காற்றாக இருக்கிறது, இன்றைக்குத் தலை வலிக்கிறது, இன்றைக்கு யாராவது விருந்தாளி வரலாம் என்று ஏதோ ஒன்றைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்ப உள்ளே தள்ளிவிடுவாள். விருந்தாளி யாரும் வந்ததில்லை. பிரிட்ஜ் என்பது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை, கிட்டாரின் வயிற்றில் ஆறு தந்தியும் வந்து முடிகிற இரும்புத் தகடு, அவ்வளவுதான். இவள் கிட்டாரில் இருப்பது அசையக்கூடிய ரகம். ஓரத்தில் ஒரு பிடி செருகியிருக்கும். பிடியை அழுத்தினால் தகடு முன்னால் சாயும், தந்திகள் தொய்யும், அடித்த சுரம் குழைந்து கீழே இறங்கும். கையை விட்டால் முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்குகள் தகட்டை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தும், சுரமும் ஏறி வந்து பழைய இடத்தில் நிற்கும். நிற்க வேண்டும். இவளுடையது நிற்பதில்லை, கொஞ்சம் கீழேயோ கொஞ்சம் மேலேயோ போய் நின்றுகொள்கிறது. அல்லது, சரியாகத்தான் வந்து நிற்கிறது, இவள் காதுக்குத்தான் தப்பாகக் கேட்கிறது. இந்த அல்லது இருக்கிறதே, இதுதான் இரண்டு மாதமாக அவளைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை, பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது ஹார்மோனியக் கட்டையில் விரலை வைத்தபடி அப்படியே உட்கார வைத்துவிடுகிறது. பழைய பிரிட்ஜ்மேல் பழி இருக்கும்வரை காது தப்பித்தது. புதுசை மாட்டிய பிறகும் சுருதி விலகினால் பழியைப் போட வேறு ஆள் கிடையாது. அதனால்தான் பீரோ, அதனால்தான் மழைக்காற்று. மூடி கழன்று வந்தது. உள்ளே மூன்று ஸ்பிரிங்குகள் தூசி படிந்து விறைப்பாக நீட்டிக்கொண்டு கிடந்தன, ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்த மாதிரி இருந்தது. அந்த நினைப்பை அவள் உடனே தள்ளிவிட்டாள், இன்றைக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி நினைக்கக் கூடாது.

தந்திகளைத் தளர்த்தினாள். தலைப்பக்கத்து முறுக்காணியைத் திருகத் திருக அவை ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே இறங்கித் தொங்கிப்போயின. இந்த முனகல் சரியாகத்தான் கேட்கிறது. இறங்குவது இறங்குவதாகத்தான் கேட்கிறது. ஆனால் அதை வைத்து என்ன சொல்ல முடியும், மாடு கத்தினாலும் பஸ் பிரேக் போட்டாலும் கேட்கத்தான் செய்கிறது, கேட்பது வேறு, சுருதி வேறு. வத்தலக்குண்டு கல்யாண வரவேற்பில் அப்படித்தான் ஆரம்பித்தது. மேடையில் எப்போதும் போல டிரம்ஸுக்குப் பக்கத்தில், பெரிய ஸ்பீக்கருக்கும் சிம்பல் தட்டுக்கும் நடுவே இவள் நின்றிருந்தாள். தேன்தூறல் மெல்லிசைக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் இவள் இடம். இடது காதோரம் சிம்பல், பதினெட்டு வருசமாக. அந்தப் பாட்டின் இடையிசையில் கிட்டார் தனியாக வரும். கடைசிச் சுரத்தைப் பிடியால் லேசாக உலுக்கி, குழைத்து, விட வேண்டும். உலுக்கினாள், குழைத்தாள், விட்டாள், விட்ட சுரம் வீட்டுக்குத் திரும்பவில்லை. வாசலுக்கு வந்தது, உள்ளே வரவில்லை. அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பாடுகிற வசந்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தப்பு அவள் காதிலும் விழுந்து பார்த்தாளா, அடுத்த அடியை எடுக்கச் சாடை காட்டினாளா, தலையில் பூ சரியாக இருக்கிறதா என்று கேட்டாளா, யாருக்குத் தெரியும். ஆனால் கீழே மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர் அதே நேரத்தில் கையை நீட்டி ஒரு குமிழைக் கொஞ்சம் திருகினார். எந்தக் குமிழ்? அதுதான் தெரியவில்லை. அந்தக் குமிழைப் பார்த்தபோது ரெஜினாவுக்குச் செல்லத்துரை சார் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று கச்சேரி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் காதாலேயே தந்திகளைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். சரிசெய்தது அடுத்த பாட்டில் விலகியது. குழுவில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தால் யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பாரே. சொல்லவில்லை என்றால் அது இவளுக்கு மட்டும்தான் கேட்கிறது.

செல்லத்துரை சார் வயலின் வாசித்தவர். அவருக்கும் யாரும் சொல்லவில்லை. முதலில் ஒரு முடியளவு, பிறகு நன்றாகவே, வயலின் பாட்டைவிட்டு விலகிப் போக ஆரம்பித்தது. குழுவில் எல்லோரும் அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தவர்கள், அவரிடம் பாட்டுக் கேட்டுப் பழகியவர்கள், யார் வாயைத் திறப்பது? அதனால் மைக்கை அணைத்துவிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார், வில் மேலும் கீழும் போய்வரும், ஜனங்கள் கைதட்டுவார்கள், அவரும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்குவார். அவர் வாசித்தது மேடையை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை. அப்புறம் கச்சேரிக்குக் கூப்பிட்டு ஃபோன் பண்ணுவதையும் நிறுத்தினார்கள். ரெஜினா அவரை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள், பழனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், இவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "டாக்டர்ட்ட காட்டிட்டேம்மா. இந்தக் காதுல ஒரு சுருதி கேக்குது, இந்தக் காதுல வேற சுருதி கேக்குது. ஒரே மணி, ரெண்டு சத்தம்" என்றார், ஏதோ வேடிக்கையைச் சொல்வது போல. இவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்துதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. ஒரே மணி, ரெண்டு சத்தம். அன்றைக்கு அது அவருடைய கதையாக இருந்தது, இப்போது கச்சேரி முடிந்து வேனில் ஏறி உட்கார்ந்தால் இடது காதில் ங்ஙீ என்று ஒன்று ரீங்கரித்துக்கொண்டே திண்டுக்கல்வரை கூட வருகிறது. ஸ்பிரிங்குகளை இடுக்கியால் பிடித்து இழுத்து ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து விடுவித்தாள். கடைசி ஸ்பிரிங் கைநழுவித் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போய் டிங் என்றது. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது தோளை யாரோ தொட, தூக்கிவாரிப்போட்டது. கையில் கரண்டியோடு அவள் கணவர் சவரிமுத்து நின்றிருந்தார். "ஏ ரெஜி, அடுப்படியில இருந்து மூணு தடவை கூப்பிட்டேன். காதுல விழலையா?" என்றார்.

காதுல விழலையா. ஊரில் எல்லோரும் எல்லோரையும் நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற கேள்வி, பள்ளிக்கூடத்தில் இவளே பிள்ளைகளைக் கேட்பாள். கேட்பவர் கண்டக்டர், இருபது வருசமாகப் பஸ்ஸின் முன்படியில் நின்று பின்சீட்டுக்குக் கேட்கும்படி ஊர்ப்பேர் கூவுகிறவர், அந்தக் குரல் எட்டடி தள்ளியிருக்கிற அடுப்படியிலிருந்து மூன்று தடவை வந்திருக்கிறது. இவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. "ஸ்பிரிங் விழுந்திருச்சுங்க, தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "கறிக்கு உப்புப் பாக்கணும். எனக்கு இன்னிக்கு நாக்கே சரியில்ல" என்று கரண்டியை நீட்டினார். குழம்பை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து, "போதும்" என்றாள். போதுமா என்று உண்மையில் பார்க்கவில்லை, சூடு மட்டும்தான் தெரிந்தது. அவர் போகாமல் வாசற்படியில் கொஞ்சநேரம் நின்று, முதுகு திறந்து கிடக்கும் கிட்டாரையும் இவளையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "சரி, நீ பாரு" என்று போய்விட்டார். அவர் என்ன சொல்ல வந்தார்? காதைப் பற்றித்தானோ? வீட்டில் டி.வி. சத்தத்தை இவள் கூட்டுகிறாளோ, அதைக் கவனித்திருக்கிறாரோ? போனவாரம் மூத்த மகள் விடுதியிலிருந்து ஃபோன் பண்ணியபோது இவள் எதற்கு ஃபோனை வலது காதுக்கு மாற்றினாள்? மாற்றினாளா? கை வேலையாக இருந்ததால் மாற்றினாள். இல்லை, மாற்றிய பிறகுதான் கையில் வேலை எடுத்தாள். இதை யோசிக்கக் கூடாது, ஸ்பிரிங்கைத் தேட வேண்டும். ஸ்பிரிங் கட்டில் காலோரம் செருப்புக்குள் கிடந்தது. அது விழுந்த டிங் கேட்டதே. அவர் கூப்பிட்டது கேட்காமல் ஸ்பிரிங் விழுந்தது எப்படிக் கேட்டது? அந்தச் சின்னச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுகூடத் தெரிந்ததே. இந்த இடத்தில் அவளுக்கு மனசு ஒரு நூலளவு லேசானது. அந்த நூலை ரொம்ப இழுத்துப் பார்க்காமல் அப்படியே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

கிட்டாரை மல்லாத்தி, தகட்டை மரத்தோடு பிடித்திருக்கும் ஆறு திருகுகளையும் கழற்றினாள். ஐந்து முரண்டு பிடித்துக்கொண்டு வந்தன, ஓரத்தில் இருந்த ஒன்று திருப்புளியை வைத்ததுமே சுற்றிக்கொண்டு கையோடு வந்துவிட்டது, பல் விழுகிற வயசில் ஆடிக்கொண்டிருக்கிற பால்பல் மாதிரி. பழைய பிரிட்ஜை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இவ்வளவுதானா. இத்தனை வருசம் கல்யாணமும் திருவிழாவுமாக இதைப் பிடித்துத்தான் உலுக்கியிருக்கிறோம், இது ஒரு தகர டப்பா கனம்கூட இல்லை. பெட்டியைப் பிரித்துப் புதுசை மறு கையில் எடுத்தாள், கை தாழ்ந்தது. அடியில் தொங்கும் கட்டி முழு இரும்பு. ஓட்டைக்கு ஓட்டை வைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறாவது வரும்வரை மூச்சை விடவில்லை, அளவு கொஞ்சம் மாறினாலும் எதுவும் பொருந்தாது, திரும்பப் பீரோதான். ஆறும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. அப்போதுதான் பழைய தகட்டின் ஓட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வட்டமாக இருக்க வேண்டியவை நீண்டு முட்டை மாதிரி தேய்ந்திருந்தன. ஒவ்வொரு உலுக்கலுக்கும் தகடு ஒவ்வொரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், எப்படி அது வீடு திரும்பும்? சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் உள்ளே ஒரு குரல், ஓட்டை தேய்ந்திருக்கிறது சரி, அதனால் காது தேயவில்லை என்று ஆகிவிடுமா, இரண்டும் ஒரே பதினெட்டு வருசத்தில்தானே தேய்ந்தன, என்றது. சில சமயம் தன் மனசே தனக்கு மாமியாராக இருக்கிறது என்று நினைத்தாள். ஆடிக்கொண்டிருந்த திருகின் குழியில் மரம் தூளாகியிருந்தது, அப்படியே விட்டால் புதுத் திருகும் நிற்காது. அடுப்படிக்குப் போய்ப் பல்குத்திக் குச்சிகளை எடுத்து வந்தாள். பசையில் தோய்த்து ஒவ்வொன்றாகக் குழியில் அடைத்து, மேலே நீட்டியதை ஒடித்துவிட்டாள். காய வேண்டும், காயும்வரை செய்வதற்கு ஒன்றும் கிடையாது, இதுதான் கஷ்டம். கை சும்மா இருந்தால் தலை வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

கிட்டாருக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். வலது காது தலையணையில் புதைந்தது. இடது காது மட்டும் மேலே, திறந்து கிடந்தது. இது ஒரு பரீட்சை என்பது படுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, புரண்டுவிடலாமா என்று பார்த்தாள், புரளவில்லை. கேட்டது. அடுப்படியில் குழம்பு கொதிக்கிற களகள. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்க்கிறார்கள், கிளம்பவில்லை. மேல்வீட்டுப் பிள்ளைகள் பந்து தட்டுகிறார்கள். எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய துணி போர்த்திய மாதிரி இருக்கிறதா? இருக்கிறது. இல்லை, மின்விசிறி ஓடுகிறது. கிட்டார் பையின் பக்கவாட்டுப் பையில் ட்யூனர் இருக்கிறது, தலைப்பக்கம் கவ்வவைத்தால் சுருதி சரியா தப்பா என்று பச்சை விளக்காலும் சிவப்பு விளக்காலும் சொல்லிவிடும். அதை எடுத்து மாட்டினால் இத்தனை நாளும் இந்தப் பாடு கிடையாது. அவள் எடுக்கவே இல்லை. குழுவில் சின்னவர்களெல்லாம் அதை வைத்துக்கொண்டுதான் சுருதி கூட்டுவார்கள். ரெஜினாக்காவுக்கு ட்யூனர் எதுக்கு, அவுங்க காதுதான் நமக்கு ட்யூனர், என்று கீபோர்டு வாசிக்கிற இருதயராஜ் புது ஆட்களிடம் சொல்வான். அந்தப் பெருமை ஒரு பக்கம், ஆனால் நிஜக் காரணம் அதுவல்ல. பச்சை எரிகிறது, காதுக்குத் தப்பாகக் கேட்கிறது, அப்படி ஒரு நொடி வந்தால்? அந்த நொடிக்குப் பிறகு அவள் யார்? காலையில் கோயிலில் பாடற்குழு பாடும்போதுகூட இதே நினைப்புத்தான், எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், இவள் மட்டும் விழித்துக்கொண்டு ஆர்கனுக்கும் குரல்களுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தாள். சாமியிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பசியும் தூக்கமின்மையும் சேர்ந்து கண்ணை இழுத்தன. கொஞ்சநேரம் உண்மையாகவே தூங்கிப்போனாள். எழுந்தபோது பசை கல்லாகியிருந்தது, கன்னத்தில் போர்வையின் வரிகள் பதிந்திருந்தன, அடுப்படி அமைதியாக இருந்தது.

இனி வேகமாக நடந்தது. புதுத் தகட்டை உட்கார வைத்தாள், இரும்புக் கட்டி குழிக்குள் இறங்கி, ஒருபக்கம் மரத்தில் உரசுமோ என்று பார்த்தாள், உரசவில்லை. அடைத்த குழியில் திருகு பிடித்துக்கொண்டு முனகியது, இந்த முனகல் இனித்தது. ஓரத்துத் திருகுகளை இறுக்கி, நடுவில் இருப்பவற்றைத் தகடு சாய்வதற்கு இடம்விட்டுக் கொஞ்சம் தளர்வாக நிறுத்தினாள். பெட்டியில் கூடவே வந்த புது ஸ்பிரிங்குகளை மாட்டும்போது பக்கத்திலேயே ஓடும் மெல்லிய ஒயரில் கை பட்டுவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். புதுத் தந்திகளை முதுகு வழியாகக் கோத்து, முன்னால் இழுத்து, ஆணியில் சுற்றினாள். ஃபோனில் ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு அதற்கு ஒரு தந்தியைச் சேர்த்தாள், அதிலிருந்து மற்றவற்றைக் காதால் கூட்டிக்கொண்டு போனாள். இந்த மாதிரிப் பிரிட்ஜில் ஒரு தொல்லை உண்டு, ஒரு தந்தியை இறுக்கினால் தகடு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், அதுவரை கூட்டிவைத்த மற்ற தந்திகள் இறங்கிவிடும். அவற்றை ஏற்றினால் இது இறங்கும். முதுகுப் பக்கத்துத் திருகைத் திருப்பி ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கவைத்து மறுபடி முதலிலிருந்து. ஒன்றைச் சமாதானம் செய்தால் இன்னொன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் விலகல் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் ஆறும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்து நின்றன. சுருதி சேர்ந்த அந்த நிமிசம் கழுத்துக்குப் பின்னால் ஒரு சிலிர்ப்பு வரும், சின்ன வயசிலிருந்து வருவது. வந்தது. பிடியைச் செருகினாள். ஒரு தந்தியை மீட்டி, பிடியை அழுத்தி, சுரத்தைக் குப்புறத் தள்ளுகிற மாதிரி ஆழமாக இறக்கி, விட்டாள். அது வளைந்து ஏறிக் கிளம்பிய இடத்தில் வந்து நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்தது. மறுபடி. வந்தது. ஆறு தந்தியையும் சேர்த்து அடித்து, முரட்டுத்தனமாக உலுக்கி, விட்டாள். வந்தது. இதெல்லாம் காது சொல்வது. குற்றவாளியையே சாட்சி கேட்பது போல. கிட்டார் பையில் கையைவிட்டு ட்யூனரை எடுத்துத் தலைப்பக்கத்தில் கவ்வவைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தடித்த தந்தியை மீட்டினாள், திருப்பிய முகத்தை மெதுவாகக் கொண்டுவந்து பார்த்தாள். பச்சை. அடுத்தது பச்சை. அடுத்தது, அடுத்தது. கடைசித் தந்தியில் ட்யூனரின் முள் ஒரு மயிரிழை இடதுபக்கம், தாழ்ந்த பக்கம், நின்றது. அந்தத் தந்தியைக் கூட்டும்போது அவளுக்கும் ஒரு மயிரிழை தாழ்வாகத்தான் பட்டது, போகட்டும் என்று விட்டிருந்தாள். பட்டதே! தனக்குப் பட்டதே! இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இடது காதை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு மீட்டினாள். பிறகு வலது காதை மூடிக்கொண்டு மீட்டினாள். மாற்றி, மாற்றி. இடது காதில் சத்தம் கொஞ்சம் மங்கல்தான், துணி போர்த்தியிருப்பது நிஜம்தான், அது மின்விசிறியால் வந்தது இல்லை. ஆனால் சுரம் அதே சுரம். ஒரே மணி, ஒரே சத்தம்.

அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுகை என்பதைவிட இறுக்கிவைத்த ஏதோ ஒன்று தளர்ந்து தண்ணீராக இறங்கியது என்று சொல்ல வேண்டும், சத்தமே வரவில்லை. சவரிமுத்து எட்டிப் பார்த்துப் பதறி உள்ளே வந்தார். "என்னாச்சு, கையக் கிய்யக் குத்திக்கிட்டியா?" "இல்லைங்க. எனக்குக் காது போயிருச்சுன்னு பயந்துகிட்டு இருந்தேன். செல்லத்துரை சாருக்கு ஆன மாதிரி. ரெண்டு மாசமா." சொல்லிவிட்டாள், இவ்வளவு சின்ன வாக்கியமா அது, இதையா இரண்டு மாதம் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தோம் என்று இருந்தது. அவர் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார். "அதுக்குத்தானா? கூப்பிட்டா பதில் இல்ல, பேசினா எங்கயோ பாக்குற. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன், என்னன்னு கேட்டா இன்னும் பெருசாயிரும்னு கம்முனு இருந்துட்டேன். என்ன பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சே எனக்கு மண்டை காஞ்சிருச்சு." "என்ன பண்ணினதா நெனச்சீங்க?" "அதான் தெரியலையே. ஒரு ஏழெட்டு தேறுச்சு" என்றார். இவள் அழுகையோடு சிரித்தாள். "நீங்க மூணு தடவை கூப்பிட்டது நெசமாவே கேக்கலைங்க." "குக்கர் விசில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல, எனக்கே நான் கூப்பிட்டது கேக்கல." குக்கர் விசில் அடித்ததும் இவளுக்குத் தெரியாது, ஸ்பிரிங்குகளோடு செல்லத்துரை சாரையும் நினைத்துக்கொண்டிருந்தால் ரயில் போனாலும் தெரியாதுதான். "இந்தக் காது கொஞ்சம் மங்கிருக்குங்க" என்று தொட்டுக் காட்டினாள். "நாளைக்கு லீவு சொல்லிட்டு டாக்டர்ட்ட போவோம்" என்றார் அவர், பல்வலிக்குச் சொல்கிற மாதிரி. ஆஸ்பத்திரி என்ற வார்த்தை இப்போது வெறும் கட்டடமாக, வாசலில் இளநீர்க்காரர் நிற்கிற ஒரு இடமாக மட்டும் இருந்தது.

சாப்பிட உட்காருவதற்கு முன்னால் குழுவின் தலைவர் ராஜமாணிக்கத்துக்கு அவளே ஃபோன் பண்ணினாள். தைரியம் இருக்கும்போதே பேசிவிட வேண்டும். "அண்ணே, கிட்டாருக்குப் பிரிட்ஜ் மாத்திட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்பாடா! நானே சொல்லணும்னு இருந்தேம்மா. வத்தலக்குண்டுல இருந்தே ஒங் கிட்டார் விலகுது. வசந்தி சொன்னா, இருதயராஜ் சொன்னான். ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றது, ஒனக்குத் தெரியாத சுருதியான்னு, சவுண்டுக்காரர்ட்ட மட்டும் லேசாக் கொறைக்கச் சொன்னேன்." ரெஜினாவுக்குச் சுருக்கென்றது. குமிழ் அந்தக் குமிழ்தான். மைக்கை அணைத்தவர்கள் இன்னும் மாறவில்லை. ஆனால் அந்தச் சுருக்குக்கு அடியிலிருந்து வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. தனக்குக் கேட்ட அதே விலகல்தான் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது, முதலில் கேட்டது தனக்குத்தான். "அண்ணே, இனிமே என் கிட்டார் விலகுனா என்கிட்டத்தான் சொல்லணும், சவுண்டுக்காரர்கிட்ட இல்ல. அப்புறம், மேடையில சிம்பலுக்குப் பக்கத்துல நான் நிக்க மாட்டேன். அந்தப் பக்கம், கீபோர்டுகிட்ட இடம் குடுங்க." எத்தனையோ வருசமாகக் கேட்க நினைத்தது, கேட்டால் பெண்பிள்ளைக்குச் சத்தம் தாங்கவில்லை என்பார்கள் என்று கேட்காமல் இருந்தது. "அதுக்கென்னம்மா, தாராளமா நில்லு. அடுத்து ஒட்டன்சத்திரத்துல ஒரு காதுகுத்து இருக்கு, வந்துரு" என்றார் அவர். காதுகுத்தா என்று அவள் சிரித்த சிரிப்பு அவருக்குப் புரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டார்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. கறிக்குழம்பில் உப்பு போதவே இல்லை. சவரிமுத்து உப்பு ஜாடியை எடுத்து வந்து நடுவில் வைத்துவிட்டு, "போதும்னு சொன்னியே?" என்றார். "நாக்கும் போயிருச்சுபோல" என்றாள் இவள், இருவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்கள். அவளுக்குப் பசித்தது, இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள், எலும்பை உறிஞ்சினாள். சாப்பிட்டு முடித்து அவர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, மனசு லேசான மனுசருக்கு வருகிற மாதிரி, ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாட ஆரம்பித்தார். ஊர்ப்பேர் கூவுகிற அதே குரல். பல்லவி எடுத்ததே தாழ்ந்துதான் எடுத்தார், இரண்டாவது அடியில் இன்னும் இறங்கினார், அனுபல்லவியில் ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தார். ரெஜினா கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்து கேட்டாள். எந்த எழுத்தில் விலகுகிறார், எவ்வளவு விலகுகிறார், எங்கே தற்செயலாகச் சரியாகி மறுபடி விழுகிறார், ஒவ்வொன்றும் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெளிவாகக் கேட்டது. இத்தனை தப்பான பாட்டை அவள் இத்தனை ஆசையோடு கேட்டதே இல்லை. "என்னா ரெஜி, சும்மாவா இருக்க, வாசியேன்!" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "சுருதி சேரலைங்க" என்று இவளும் கத்தினாள். "யாருக்கு?" என்றார். "உங்களுக்குத்தான்!" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.